புருவம் வளரும் வரை

"மிஸ், அந்த அண்ணன் மூஞ்சிய ஆண்டவர் ஏன் பாதியிலேயே விட்டுட்டாரு?"

கேட்டவள் டீனா. ஐந்து வயது. 1973 அக்டோபரில் ஒரு ஞாயிறு பிற்பகல் அது. லண்டனுக்கு வெளியே, எங்கள் ஊர் மெதடிஸ்ட் சபையின் பின்னறையில் ஓய்வுநாள் பள்ளி நடந்துகொண்டிருந்தது. எனக்குப் பதினைந்து வயது. சின்னப் பிள்ளைகளை என் பொறுப்பில் விட்டிருந்தார்கள். துணிப் பலகையில் நோவாவின் ஒட்டகங்களை ஒட்டிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தேன்.

பின்வரிசையில், வெந்நீர்க் குழாய் ஓரமாக, கோட்டைக் கழற்றாமல் ரஸ்ஸல் ஹாப்ளி உட்கார்ந்திருந்தான். பள்ளியில் என் வகுப்பு. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அவன் முகத்தில் இரண்டு புருவங்களும் இல்லை.

"ஆண்டவருக்கு டீ நேரம் வந்துடுச்சும்மா, எழுந்து போயிட்டாரு" என்றான்.

"திரும்பி வந்து முடிப்பாரா?"

"மூணு மாசம் ஆகும்னு சொல்லியிருக்காரு."

பிள்ளைகள் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. அந்தப் புருவங்களை முந்தின நாள் மழித்தது நான். மூன்று மாதம் என்பது அவன் அம்மாவிடம் இல்லாத ஒன்று என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

ஐரிஸ் ஹாப்ளி செப்டம்பரிலிருந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். அந்த வியாதியின் பெயரை எங்கள் ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வேலிச் செடி வெட்டும்போது குரலைத் தாழ்த்தி "அதுதான்" என்பார்கள், அவ்வளவுதான். கிறிஸ்துமஸைப் பார்க்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ரஸ்ஸலுக்குப் பாட்டுப் பைத்தியம் பிடிக்கக் காரணமே அவன் அம்மாதான். அந்த ஆண்டில் எங்கள் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. வியாழக்கிழமை மாலை டிவியில் பாட்டு நிகழ்ச்சி வரும். பளபளக்கும் சட்டையும் கன்னத்தில் ஒட்டிய நட்சத்திரங்களுமாக ஆண்கள் பாடுவார்கள். தெருவில் வீட்டுக்கு வீடு அப்பாக்கள் செய்தித்தாளை இறக்கி, "இது ஆம்பளையா பொம்பளையா?" என்று ஒரே நேரத்தில் கேட்பார்கள். ஹாப்ளி வீட்டில் மட்டும் அம்மா மகனோடு தரையில் உட்கார்ந்து, "அந்தக் காலரைப் பாருடா, குறுக்கு வாட்டத்துல வெட்டியிருக்காங்க" என்பார். திரைச்சீலைக்கு வாங்கி மிஞ்சிய சாட்டினில் அவனுக்கு ஒரு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தார். பச்சை நிறம். அவனுடைய பழைய தடித்த அடி ஷூவுக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்ததும் அவர்தான்.

எங்கள் இருவருக்கும் பாடகர் ஆர்லோ வீனஸ் என்றால் உயிர். அவருக்குப் புருவம் கிடையாது. அந்த இடத்தில் வெள்ளிக் கோடு ஒன்று ஓடும். அவர் லூயிஷம் அரங்கத்துக்கு வருகிறார் என்று தெரிந்ததும் ஆறு வாரம் தோட்டம் பெருக்கியும் கார் கழுவியும் டிக்கெட் வாங்கினோம்.

சனிக்கிழமை மதியம் என் அப்பா அம்மா சபையின் பழைய துணி விற்பனைக்குப் போயிருந்தார்கள். எங்கள் வீட்டுக் குளியலறையில், தொட்டியின் விளிம்பில் ரஸ்ஸல் உட்கார்ந்தான். புருவத்தின் மேல் ஈர சோப்பை அழுத்தித் தேய்த்துப் படியவைத்து, அதன்மேல் பவுடர் பூசி மறைப்பது என்றுதான் அவன் திட்டம்.

"சோப்பு வேர்த்தா உருகிடும்டா" என்றேன். "பாட்டு ஆரம்பிக்கறதுக்குள்ள மூஞ்சில கஸ்டர்ட் கொட்டின மாதிரி ஆயிடும். மழிச்சாதான் அசலா இருக்கும்."

"அப்பா தொலைச்சிடுவாரு."

"முடிதானே, வளர்ந்துடும்."

"அப்போ நீயும் எடுக்கணும்."

"எடுக்கறேன்."

"சத்தியமா?"

"ஓய்வுநாள் பள்ளி டீச்சர் பொய் சொல்வேனா?"

என் அப்பாவின் ரேசரை எடுத்தேன். கொஞ்சம் மெலிதாக்குவதாகத்தான் ஆரம்பித்தேன். இடது புருவம் பாதியில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. சரிசெய்யப் போய் முழுதும் போயிற்று. பிறகு வலதையும் எடுத்தாக வேண்டியிருந்தது. கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு, "முட்டைக்குக் கண்ணு வச்ச மாதிரி இருக்கேன்" என்றான். வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு அவன் ரேசரைக் கழுவி, "உக்காரு" என்றான்.

நான் கையால் நெற்றியை மூடிக்கொண்டேன்.

"வேணாம்டா. எங்க அப்பா சபைக் கணக்கரு. என்னால முடியாது."

அவன் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரேசரைத் துடைத்து அப்பாவின் கோப்பையில் இருந்தபடியே வைத்தான். "சரி விடு. மேடையிலயும் ஒரு ஆர்லோதானே இருக்கான்" என்றான்.

அன்று மாலை அரங்கத்து வாசலில் முன்பின் தெரியாத பெண்கள் அவன் முகத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி தன் கன்னத்திலிருந்து ஒரு தங்க நட்சத்திரத்தைப் பிய்த்து அவன் கன்னத்தில் ஒட்டினாள். நான் அவனை அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

ஞாயிறு காலை அவன் அப்பா பார்த்துவிட்டார்.

மிஸ்டர் ஹாப்ளி எங்கள் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பவர். காலையில் சேரிங் கிராஸ் ரயிலுக்குப் போகிற ஊர் மொத்தமும் அவருடைய கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால் வரிசையில் நிற்கும். எல்லோருடைய பெயரும் அவருக்குத் தெரியும். எல்லோருக்கும் அவரையும் தெரியும். அவர் கத்தவில்லை. வேகவைத்த முட்டையை மகன் முன்னால் வைத்தார். மனைவி ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு காலை உணவு அவர் வேலை. பிறகு சொன்னார். "அங்க ஆறு கட்டில் இருக்கு. ஆறு புருஷன்மாரு வந்து உக்காருவாங்க. உங்க அம்மா சாகக் கிடக்கா. அவ கட்டிலைச் சுத்தி எவனும் சிரிக்கக் கூடாது. உனக்குச் சின்னம்மை போட்டிருக்குன்னு அவகிட்ட சொல்லிடறேன். புருவம் வளர்ந்ததும் வரலாம்."

"அதுக்குள்ள அம்மா..."

"வளரட்டும்."

ஓய்வுநாள் பள்ளி முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது ரஸ்ஸல் இதைச் சொன்னான். அந்த நேரத்தில் ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம். போக வேறு இடமில்லாமல்தான் அவன் எங்கள் பின்னறைக்கு வந்திருந்தான்.

"யாரு மழிச்சான்னு கேட்டாரா?"

"கேட்டாரு. நானேன்னு சொன்னேன்."

"ஏன்டா?"

"நீ மாட்டிக்கிட்டு என்ன ஆகப்போகுது? என் புருவம் சீக்கிரமா வளருமா?"

தனியாகப் போய்ப் பார்க்கவும் வழியில்லை. பதினாறு வயதுக்குக் கீழே பெரியவர் துணையில்லாமல் அந்த வார்டுக்குள் விடமாட்டார்கள். வார்டு சிஸ்டர் கதவருகே மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். ரஸ்ஸலைக் கூட்டிப்போகச் சொல்லி என் அம்மாவிடம் கேட்டேன். "அவங்க அப்பா வேணாம்னு சொன்ன பிறகு நாம குறுக்க போறது முறையில்ல, லினெட்" என்றார் அம்மா. நல்ல மனுஷிதான் அவர். ஏழு வீடுகளுக்குச் சூப் கொண்டுபோகிறவர். எங்கள் ஊரில் அடுத்த வீட்டுக் கேட்டைத் தள்ளித் திறப்பதில்லை.

ஆகவே புருவம் வளரவேண்டும். அந்த ஆறு வாரமும் எங்களுக்கு அது ஒன்றுதான் வேலை. விளக்கெண்ணெய் தடவினோம். வாசலின் தடவினோம். மருந்துக்கடைக்காரர் சொன்னார் என்று இரவு படுக்கும் முன் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தான். திங்கட்கிழமைதோறும் பள்ளிக்கூடச் சைக்கிள் கொட்டகையில் அவன் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்ப்பேன். மூன்றாம் வாரம் ஏதோ புகை படிந்தமாதிரி ஒரு நிழல் தெரிந்தது. விரலால் தொட்டால் குத்தியது. தினமும் ஜெபம் பண்ணினேன். புருவத்துக்காக ஆண்டவரிடம் மன்றாடின பெண் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பள்ளியில் பையன்கள் அவனை "மிஸ் வீனஸ்" என்றார்கள். "கல்யாணம் எப்போ கண்ணு?" என்பான் ஒருவன். "உங்க அப்பாவுக்கு விவாகரத்து ஆகட்டும்" என்பான் ரஸ்ஸல். உதடு கிழிந்து வந்த நாளும் உண்டு.

நான்காம் வாரம் என் அம்மாவின் புருவப் பென்சிலைத் திருடி அவனுக்கு வரைந்துவிட்டேன். ஒவ்வொரு முடியாக, அரை மணி நேரம். நன்றாகத்தான் இருந்தது. புதன்கிழமை மாலை அவன் கோட்டை மாட்டிக்கொண்டு, தலை சீவிக்கொண்டு அப்பாவின் முன்னால் போய் நின்றான். மிஸ்டர் ஹாப்ளி பக்கத்தில் வந்தார். கட்டைவிரலை நாக்கில் தொட்டு, மகனின் நெற்றியில் வைத்து ஒரு இழு இழுத்தார். கரி காதுவரை போயிற்று.

"மூஞ்சிய கழுவிட்டுப் படி" என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனார்.

அந்த வார சனிக்கிழமை காலை அவர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். நான் காலிப் பால் புட்டிகளை வெளியே வைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டேஷன் சீருடையில் இருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஒரு பதினைந்து வயதுப் பெண் முன்னால் அவர் எதற்குத் தொப்பியைக் கழற்றவேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

"லினெட், நீ அவனுக்கு சிநேகிதம். உனக்குத் தெரிஞ்சிருக்கும். அவனை யாராவது ஏத்திவிட்டாங்களா?"

நான் புட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பசங்க யாராவது புடிச்சு வச்சு மழிச்சிருந்தாங்கன்னா, இல்ல யாராவது பேசி இழுத்துவிட்டிருந்தாங்கன்னா, அது வேற விஷயம். அப்படி இருந்தா நான் வேற மாதிரி யோசிப்பேன். சொல்லும்மா. நான் யாரையும் திட்டப் போறதில்ல."

எனக்குப் பின்னால், நடையில், என் அப்பா ஞாயிற்றுக்கிழமைக்காகத் தன் ஷூவுக்குப் பாலிஷ் போடும் பிரஷ் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது ஒரு கணம் நின்றது. அவர் காது கொடுக்கிறார் என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியாது, மிஸ்டர் ஹாப்ளி" என்றேன்.

அவர் இன்னும் கொஞ்சம் நின்றார். "நிச்சயமா?"

"நிச்சயமா."

தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். பிரஷ் சத்தம் மறுபடி தொடங்கியது. அதற்குப்பின் நான் எத்தனையோ பாவங்களை அறிக்கையிட்டிருக்கிறேன். இதைப்போலச் சுலபமாகச் செய்தது ஒன்றுமில்லை.

நவம்பர் நடுவில் அம்மா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். சபையிலிருந்து முறைவைத்து இரண்டு இரண்டு பேராகப் போவோம். மிஸஸ் ஹாப்ளி தலையணையில் ஒரு குழந்தை அளவுக்கு இருந்தார். கண்கள் மட்டும் அதே கண்கள். என் பாவாடையைப் பார்த்து, "ஓரம் கையால தைச்சியா? நல்லா வந்திருக்கு" என்றார். அம்மா பூ ஜாடிக்குத் தண்ணீர் எடுக்கப் போனதும் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அம்மை இன்னுமா எறங்கல? அஞ்சு வாரமாச்சே, கண்ணு."

"எறங்கிட்டு வருது, மிஸஸ் ஹாப்ளி."

"சொறியக் கூடாதுன்னு சொல்லு. தழும்பு விழுந்துடும். அழகான முகம் அவனுக்கு."

"சொல்றேன்."

பிறகு சிரிக்கப் பார்த்தார். "இங்க பாரு. அவனுக்கு வரப் பிடிக்கலன்னா பரவால்லன்னு சொல்லிடு. இந்த வாடை எனக்கே பிடிக்கல. சின்னப் பையன். நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்னு சொல்லு."

அப்போது நான் சொல்லியிருக்கலாம். அவன் உங்களைப் பார்க்க முகத்தில் எண்ணெய் தடவிக்கொண்டு அலைகிறான், புருவம் இல்லாத உங்கள் பையனைப் பார்த்தால் இந்த வார்டிலேயே முதலில் சிரிக்கப்போவது நீங்கள்தான் என்று சொல்லியிருக்கலாம். அவர் சிரித்திருப்பார். குறுக்கு வாட்டத்தில் வெட்டிய காலரைப் பார்த்துச் சிரித்ததுபோலவே சிரித்திருப்பார். அன்று மாலையே கணவனை அழைத்து, "கூட்டிட்டு வாங்க அவனை" என்றிருப்பார். ஆனால் எப்படிச் சொன்னாலும் முதலில் யார் மழித்தது என்பது வரும்.

"அம்மைதான், மிஸஸ் ஹாப்ளி" என்றேன். அம்மா தண்ணீரோடு வந்தார்.

வெளியே வந்ததும் ரஸ்ஸல் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தான். "என்ன சொன்னாங்க?"

"சொறியாம இருக்கச் சொன்னாங்க."

அவன் சிரித்தான். மற்றதை அவனிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அவன் அதற்குள் தினமும் பள்ளி விட்டதும் ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்திருந்தான். உள்ளே போக முடியாது. பின்பக்கம், சலவை வண்டி நிற்கும் முற்றத்தில் நின்று மூன்றாம் மாடி ஜன்னல்களைப் பார்ப்பான். எது அம்மாவின் ஜன்னல் என்று அவனுக்கு நான்தான் சொன்னேன். அங்கே மிஸஸ் கெனீலி என்று ஒரு ஐரிஷ் பெண்மணி, வார்டில் படுக்கை விரிப்பவர், குளிரில் சிகரெட் பிடிக்க இறங்கி வருவார். மூன்றாம் நாளே அவனைப் பிடித்துவிட்டார்.

"ஏ பையா, யாரைத் திருட வந்த?"

"எங்க அம்மாவை" என்றான்.

அவர் அவன் முகத்தைப் பார்த்தார். கதையைக் கேட்டார். திட்டவில்லை, உபதேசம் செய்யவில்லை. உள்ளே போய் இரண்டு சர்க்கரை போட்ட டீயும் வெண்ணெய் தடவிய ரொட்டியும் கொண்டுவந்தார். அதன்பின் தினமும் கொண்டுவந்தார். அவன் அம்மா அன்று என்ன சாப்பிட்டார், எவ்வளவு நேரம் தூங்கினார் என்று சொல்லிவிட்டுப் போவார். இருபது பெண்களுக்குப் படுக்கை மாற்றி இடுப்பு ஒடிந்த மனுஷிக்கு அந்த மூன்று மாடிப் படி சும்மா இல்லை. ஆண்டவர் அந்த மாதத்தில் எங்கே இருந்தார் என்று யாராவது என்னைக் கேட்டால், சலவை முற்றத்தில் கையில் தட்டோடு நின்றார் என்றுதான் சொல்வேன்.

நவம்பர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மிஸஸ் கெனீலி சொன்னார். "வியாழக்கிழமை மூணு மணிக்கு சிஸ்டர் கீழ கூட்டத்துக்குப் போறா. முக்கால் மணி நேரம் ஆகும். பின்படி வழியா உன்னைக் கூட்டிட்டுப் போறேன். தலை சீவிட்டு வா. வாயைத் திறக்காத."

"உங்க வேலை போயிடும்."

"போனா வேற படுக்கை இருக்கு விரிக்க."

வியாழக்கிழமை மதியப் பள்ளிக்கு நாங்கள் போகவில்லை. எங்கள் வீட்டுச் சமையலறையில் அவனுக்குப் புருவம் வரைந்தேன். அடியில் நிஜமாகவே முளைத்திருந்த முடிகளுக்கு மேலே, மிகவும் மெல்லியதாக. பச்சை ஜாக்கெட்டைக் கோட்டுக்குள் போட்டிருந்தான். "வரைய வேணாம்னு நெனச்சேன். அம்மாவுக்கு அப்படியே காட்டினா பிடிக்கும்" என்றான். "ஆனா அப்பா சொன்ன மாதிரி யாராவது சிரிச்சிட்டா..." பஸ்ஸில் அவன் கால் ஆடிக்கொண்டே இருந்தது. அம்மாவிடம் முதலில் என்ன சொல்வது என்று என்னிடம் ஒத்திகை பார்த்தான். ஆர்லோ எட்டாவது பாட்டில் மேலங்கியைக் கழற்றி எறிந்ததை முதலில் சொல்வதா, கடைசியில் சொல்வதா?

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது முற்றத்துக்கு வந்தோம். மிஸஸ் கெனீலி ஏற்கனவே வெளியே நின்றிருந்தார். கையில் சிகரெட் இல்லை. தட்டும் இல்லை.

"காலைல பத்தரைக்கு, கண்ணு" என்றார்.

ரஸ்ஸல் புரியாமல் நின்றான்.

"உங்க அப்பாவுக்கு ஸ்டேஷனுக்குப் போன் பண்ணினோம். வந்துட்டாரு. இப்போ ஆபீஸ்ல தாள்ல கையெழுத்து போட்டுக்கிட்டு இருக்காரு. உனக்குச் சொல்லலையா யாரும்?"

யாரும் சொல்லவில்லை. மதியம்தான் பள்ளிக்குப் போன் வந்ததாம். அவன் வகுப்பில் இல்லையாம்.

"பெட்ட சுத்தித் திரை போட்டிருக்கேன்" என்றார் மிஸஸ் கெனீலி. "எடுத்துட்டுப் போற ஆளுங்க இன்னும் வரல. வா. சொன்னபடி கூட்டிட்டுப் போறேன்."

நான் முற்றத்தில் நின்றேன். பின்படியில் இரண்டு ஜோடிக் காலடிகள் ஏறிப்போவது கேட்டது. சிஸ்டர் கூட்டத்துக்குப் போகவில்லை என்று பின்னால் தெரிந்தது. மேசையில்தான் இருந்தாராம். அவர்களைப் பார்த்ததும் எழுந்து மருந்து அலமாரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாராம். கால் மணி நேரம்.

ரஸ்ஸல் வெளியே வந்தபோது முகம் காய்ந்திருந்தது.

"வரைஞ்சுக்கிட்டுப் போனேன்" என்றான். "அவசியமே இல்லாமப் போச்சு, இல்ல?"

நான் அவன் கையைப் பிடிக்கப் போனேன். அவன் கைகளைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

அடக்கம் டிசம்பர் முதல் வாரம். மிஸ்டர் ஹாப்ளியும் மகனும் ஒரே காரில் வந்தார்கள், ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அருகில் போய்ப் பார்த்தவர்களுக்கு ரஸ்ஸலின் நெற்றியில் இரண்டு மெல்லிய புருவங்கள் தெரிந்தன. இரக்கப்பட்டு "நல்லா வளர்ந்துடுச்சே" என்று ஒருவர் சொன்னார். என் அம்மா அவர் கையைக் கிள்ளினார்.

ஜனவரியில், மின்வெட்டுக் காலத்தில், நான் மிஸ்டர் ஹாப்ளியிடம் போனேன். காலை பதினொரு மணி. ஸ்டேஷனில் யாருமில்லை. அவருடைய கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு வைத்திருந்தார். என்ன வேண்டும் என்பதுபோல டிக்கெட் இயந்திரத்தில் கைவைத்தார்.

"மிஸ்டர் ஹாப்ளி, நான்தான் மழிச்சேன்" என்றேன். "அவன் சோப்புதான் போடலாம்னு சொன்னான். நான்தான் பேசி இழுத்துவிட்டேன். நீங்க வந்து கேட்டப்போ பொய் சொன்னேன்."

அவர் கை இயந்திரத்திலேயே இருந்தது.

"தெரியும்" என்றார்.

"எப்படி..."

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சுத்தமா இருந்துச்சு. ரஸ்ஸலுக்கு இடது கையில ரேசர் பிடிக்க வராது. அவனுக்கு ஷேவ் பண்ணக் கத்துக்குடுத்தவன் நான். வேற யார் வீட்டுக்குப் போவான் அவன்?"

நான் கண்ணாடியிலிருந்து ஓரடி பின்வாங்கினேன்.

"உங்க வாசலுக்கு நான் கேட்டுத் தெரிஞ்சுக்க வரல, லினெட்." என்னைப் பார்க்காமல், எண்களின்மேல் கண்வைத்துப் பேசினார். "புருவம் வளரட்டும்னு ஒரு வார்த்தை சொல்லிட்டேன். ஐரிஸ் போறதுக்குள்ள அது வளராதுன்னு ரெண்டு நாள்லயே எனக்குப் புரிஞ்சுபோச்சு. சொன்னதை வாபஸ் வாங்க எனக்கு ஒரு காரணம் வேணும். அவன் மேல தப்பில்லன்னு வேற யாராவது வந்து சொன்னா, சரி வாடான்னு சொல்லியிருப்பேன். வேற யாரையும் கேட்க எனக்குத் தெரியல. சின்னப் பொண்ணு நீ, உன்னைப் போய்க் கேட்டேன் பாரு..."

வாசல் கதவு திறந்தது. குடையோடு ஒருவர் வந்து எனக்குப் பின்னால் நின்றார். மிஸ்டர் ஹாப்ளி நிமிர்ந்தார்.

"லண்டனுக்கா, மிஸ்?"

"ஆமா" என்றேன். வேறென்ன சொல்வது என்று தெரியவில்லை. அவர் டிக்கெட்டைத் தள்ளினார். நான் ரயிலேறி லண்டன் போய், ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, அடுத்த ரயிலில் திரும்பி வந்தேன்.

நான் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. சொன்னது யாருக்கும் உதவவில்லை. அவருடைய பாரம் அவரிடமே இருந்தது, என்னுடையது என்னிடமே இருந்தது. ரஸ்ஸலிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

அவன் பதினாறு முடிந்ததும் லண்டனுக்குப் போனான். பிறகு ஆஸ்திரேலியாவில் பெர்த். அங்கே கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் கடை வைத்தான். அம்மாவின் கை அவனுக்கு வந்திருந்தது. அப்பாவுக்கு வருடம் ஒரு கிறிஸ்துமஸ் அட்டை போடுவான். அவரும் போடுவார். பெயர் மட்டும் எழுதியிருக்கும். எனக்கு எப்போதாவது கடிதம் எழுதினான். பழையதைப் பற்றி ஒரு வரி இருக்காது. நான் மழித்தேன் என்று ஒருபோதும் அவன் யாரிடமும் சொல்லவில்லை.

1989 மார்ச்சில் மிஸ்டர் ஹாப்ளி படுத்துவிட்டார். ஓய்வுபெற்று, மனைவி இருந்த அதே வீட்டில் தனியாக இருந்தார். நெஞ்சில் நீர் கட்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். முன்னறையில் கட்டில் போட்டோம். தாதி காலையிலும் மாலையிலும் வந்தார். எனக்கு அப்போது இரண்டு பிள்ளைகள். நான் சூப் கொண்டுபோவேன். நாங்கள் வானிலை பற்றிப் பேசுவோம்.

திங்கட்கிழமை ரஸ்ஸல் போன் செய்தான். வழியில் சிங்கப்பூரில் அடுத்த விமானத்துக்காகக் காத்திருந்தான். புதன்கிழமை காலை வந்து சேருவேன் என்றான்.

"அவரு அதுவரைக்கும்..." என்று நிறுத்தினான்.

"தெரியல, ரஸ்ஸல்."

"சரி" என்று வைத்துவிட்டான். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவன் என்னிடம் எதையும் கேட்டவனே இல்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் தாதி போனபின் நான் போனேன். அன்று பள்ளியிலிருந்து பிள்ளைகளை அழைத்துவரச் சொல்லிப் பக்கத்து வீட்டாரிடம் சொல்லியிருந்தேன். காரணம் சொல்லவில்லை. மிஸ்டர் ஹாப்ளிக்கு நினைவு இல்லை. மூச்சு இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது. காற்று வேண்டியிருக்கும் என்று ஜன்னலைத் திறந்தேன். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு அவர் கையை எடுத்தேன். முப்பது வருடம் டிக்கெட் தள்ளிய விரல்கள். சூடாக இருந்தன.

அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்காக நான் அங்கே வரவில்லை. ஒரு மகன் உட்காரவேண்டிய இடத்தில் யாரும் இல்லாமல் இருக்கக் கூடாது என்றுதான் வந்தேன். ரஸ்ஸல் சிங்கப்பூர் தாண்டி வந்துகொண்டிருப்பான், இப்போது கீழே கடலாக இருக்கும் என்று மட்டும் சொன்னேன். பிறகு கர்த்தருடைய ஜெபத்தைச் சொன்னேன். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

மூன்று மணிக்கு மேல் மூச்சுகளுக்கு நடுவே இடைவெளி நீண்டது. தெருவில் யாரும் இல்லை. மழை சாய்வாக உள்ளே அடித்து, ஜன்னல் விளிம்பில் தேங்கி, கம்பளத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. எட்டினால் மூடிவிடலாம். ஆனால் கையை விடவேண்டியிருக்கும். அவர் போன பிறகும், கை ஆறும்வரை, நான் எழுந்து மூடவில்லை.